பூட்டிய வீடும் அவிழ்த்துவிட்ட கன்றும்

விடுமுறைக்காக ஊர்விட்டுச் செல்வோர் தத்தம் வீட்டை எவ்வாறு ஒழுங்குசெய்துவிட்டுப் புறப்படுகின்றனர் என்பது வரலாற்று ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமா என்று நகைப்போர் இருக்கலாம். அரசர் முடிசூடிய ஆண்டுகளையும் கோட்டைகள் கைமாறிய திகதிகளையும் மனனஞ்செய்வதே வரலாறென்று எமது வகுப்பறைகள் நெடுங்காலமாகப் போதித்து வந்துள்ளன. ஆயின், ஒரு குடும்பம் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு புறப்படும் அந்தச் சிறு செயலுக்குள் அக்குடும்பத்தின் உடைமை யாது, அயலவரோடு அது கொண்ட உறவு எத்தகையது, திரும்பி வருவோமென்று அது நம்புவது எதனால், அந்நம்பிக்கைக்கு அரசு காவலாக நிற்கின்றதா பகையாக நிற்கின்றதா என்பன யாவும் அடங்கிக் கிடக்கின்றன. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே திருகோணமலை நகரை எதிர்நோக்கி நிற்கும் மூதூரின் கதையை இக்கண்கொண்டு நோக்குவதே எமது நோக்கம்.

முதலில் விடுமுறைக்காரரையே எடுத்துக்கொள்வோம். மூதூர்ப் பாடசாலைகளிற் கற்பிப்போரிற் பலர் வெளியூரவர்; வாடகை வீடுகளில் வாழ்பவர். தவணை முடிவு நெருங்கியதும் இவ்வீடுகளில் ஒரு பரபரப்புத் தொடங்கும். அரிசியும் பருப்பும் எலியின் பல் நுழையாத தகரப் பேணிகளுக்கு மாறும். காஸ் சிலிண்டரின் திருகை இறுக்கி, மின்சாரத்தின் பிரதான ஆளியை அணைத்து, கிணற்றை மூடி, கோழிகளை அயல்வீட்டுக் கூட்டுக்கு மாற்றி, ஈற்றில் ஆமைப்பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு திறப்பை அயலவரிடங் கொடுப்பர். ஏப்ரில் விடுமுறைக்கு இவ்வளவும் போதும். டிசெம்பர் விடுமுறைக்கோ போதாது. வாடைக்காற்றோடு மாரி கொட்டுங் காலம் அது. கூரைப்பீலியில் அடைந்த சருகை வாராவிடின் வெள்ளம் சுவருக்குள் இறங்கும். வீட்டின்மேற் சாய்ந்த தென்னையின் காய்ந்த மட்டைகளை இறக்காவிடின் ஓடு நொறுங்கும். புத்தகம் வைத்திருப்போர்க்கு இன்னுமொரு கவலையுண்டு. மேசைக் கால்களை மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டைகளில் நிறுத்திவிட்டுச் செல்லாதவன் திரும்பி வரும்போது அட்டையை மட்டுமே காண்பான். கறையானுக்குத் தவணை விடுமுறை கிடையாது.

இந்த டிசெம்பர் மாதம் இக்கரையோர மக்களுக்கு இருமுறை பெருந்துயர் இழைத்தது. 1964 டிசெம்பர் 22, 23 ஆந் திகதிகளில் வட இலங்கையை ஊடறுத்து இராமேசுவரத்தையும் தனுஷ்கோடியையும் அழித்த புயல், முதலில் மோதிய கரைகளுள் திருகோணமலைக் கரையும் ஒன்று. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையும் பூரணை நாளுமாக இருந்தது. பாடசாலைகள் விடுமுறையில் இருந்தன. அன்று காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது வெளியூர் சென்றிருந்தோர் உயிரோடு மீண்டனர். அவர்கள் பூட்டிச்சென்ற கரையோர வீடுகள் சில மீளவில்லை. பூட்டு கள்வனுக்கு அஞ்சிச் செய்யப்பட்டதேயன்றிக் கடலுக்கு அஞ்சிச் செய்யப்பட்டதன்று.

மூதூரிற் காணத்தக்க ஒரு வசதியையும் இங்கே குறித்தல் வேண்டும். எமது நாட்டில் முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதத்தையொட்டி நீண்ட விடுமுறை பெறுகின்றன. தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறையோ ஏப்ரில், ஓகஸ்ட், டிசெம்பர் என்று அமைவது. ஆகவே இரு சமூகங்களும் அருகருகே வாழும் இவ்வூரில் ஒருவர் வீடு பூட்டியிருக்கும்போது மற்றவர் வீடு திறந்திருக்கும். கந்தசாமியின் திறப்பு காசிமின் வீட்டு ஆணியிலும், காசிமின் திறப்பு கந்தசாமியின் வீட்டு ஆணியிலும் தொங்கும். (பெயர்கள் எமது கற்பனை, வழக்கம் கற்பனையன்று.) இன ஒற்றுமை பற்றி மேடைகளிற் பேசப்படும் பேச்சுக்களையெல்லாம்விட இந்த ஆணிகளை நாம் பெரிதாக மதிக்கின்றோம். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம். 2006 ஆம் ஆண்டை அடையும்போது இது வேண்டப்படும்.

விடுமுறை என்பது யாருக்குரியது? இவ்வினாவை எழுப்பாது இப்பொருளைப் பேசுதல் அரைகுறைப் பேச்சாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் ஏப்ரில் வெக்கைக்கு நுவரெலியா சென்றனர். சில ஆண்டுகளுக்கொருமுறை நீண்ட விடுப்பிற் கப்பலேறித் தாயகம் போய்வந்தனர். அவர்களுடைய பங்களாக்களை ஒழுங்குசெய்து, தளபாடங்களுக்குத் துணிபோர்த்து, காவலிருந்தவர்கள் அவர்களுடைய வேலையாட்களே. அவ்வேலையாட்களின் சொந்த வீட்டை யார் பார்த்தார் என்று எந்தத் துரையும் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்ததாக நாமறியோம். சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பது உழைப்பாளி வர்க்கம் போராடிப் பெற்ற மிக இளைய உரிமைகளுள் ஒன்று. 1936 ஆம் ஆண்டு கோடையில் பிரான்சிலே தொழிற்சாலைகளைத் தொழிலாளர் கைப்பற்றி அமர்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே அந்நாட்டின் மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அதே ஆண்டிற் சர்வதேசத் தொழில் அமைப்பும் அதுபற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இலங்கையிற் கடை, அலுவலக ஊழியர்க்கு ஆண்டுக்குப் 14 நாள் விடுமுறையை உறுதிசெய்தது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமாகும். அரசாங்க ஆசிரியருக்கோ விடுமுறையும் உண்டு, றெயில்வே வாரண்டும் உண்டு. மூதூர்த் துறையில் வலை இழுப்பவனுக்கும், காட்டில் விறகு வெட்டுபவனுக்கும், பிறர் வயலில் அருவி வெட்டுபவளுக்கும் இவற்றுள் எதுவுமில்லை.

ஆயினும் அவர்களும் வீட்டை விட்டுச் சென்றனர். அவர்களை அனுப்பியது சட்டமன்று, பருவம். மானாவாரி வயலை நம்பியவர்க்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு. மாசி, பங்குனியில் வெட்டு. சிறுபோகத்துக்கு நீர் பாயாத நிலத்தில் அதன்பின் அடுத்த மழைவரை வேலையில்லை. அந்த வெறுங்காலத்திலேதான் சேனைக்கும் தேனுக்கும் காடேறுதலும், எருமைப் பட்டிகளோடு மேய்ச்சல் நிலந்தேடிப் போதலும் நிகழ்ந்தன. கடலிலோ கதை மறுதலை. வாடை ஓய்ந்து குடா அமைதியுறும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபக் கரைகளிலிருந்து மீனவர் குடும்பங்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்து மீன்பிடித்து, பருவம் மாறுகையில் வாடியைப் பிரித்துக்கொண்டு மீண்டன. ஆடித் திருவிழாவைக் குறிவைத்துக் கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரிகர், வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை வழியாக வந்து, மூதூரையும் வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலையும் கடந்து மட்டக்களப்புக்கும் அப்பாலுள்ள காட்டுக்கும் செல்வதும் இதே காலத்திலேதான். போர் தடுத்த ஆண்டுகள் போக, இந்நடை இன்றும் தொடர்கின்றது. பக்தி இங்கே வேளாண்மைப் பஞ்சாங்கத்தின் ஏட்டைப் புரட்டிப் பார்த்தே புறப்படுகின்றதென்பது பக்தரைக் குறைத்துக் கூறுவதன்று. வயலில் வேலை கிடக்கும்போது எந்த முருகனும் உழவனை அழைப்பதில்லை.

இவர்கள் விட்டுச்சென்ற வீடு எத்தகையது? மண்சுவர், கிடுகுக் கூரை, கதியால் வேலி, ஒரு படலை. பூட்டுவதற்கு அதில் அதிகமில்லை. செய்யவேண்டியவை சில இருந்தன. அடுப்பிலே கனன்றுகொண்டிருக்கும் தணலை நீர்தெளித்து முற்றாக அணைத்தல் முதற்கடமை; கிடுகு வேய்ந்த தெருவில் ஒரு பொறி ஒரு தெருவையே தின்றுவிடும். விதைநெல்லை ஈரமும் எலியும் அணுகாது உயர்த்தி வைத்தல், கறவை மாட்டை உறவினர் பொறுப்பில் விடுதல், மழைக்கு முன் திரும்பாவிடிற் கூரையை வேய்ந்து தருவதாக எவரிடமேனும் சொல் வாங்குதல் என்பன அடுத்தவை. படலையைக் கயிற்றாற் கட்டினர். அக்கயிறு எவரையுந் தடுக்காது. உள்ளே ஆளில்லையென அறிவிக்க மட்டுமே அது உதவும். காவல் கயிற்றில் இல்லை, கயிற்றைக் காண்போரிடத்தில் இருந்தது. இரும்புப் பூட்டு கிராமத்துக்குள் வந்தது வீட்டுக்குள்ளே விற்றுக் காசாக்கத்தக்க பொருள் வந்ததன் பின்னரேயென்பது எமது துணிபு. எனினும் பழைய கிராமத்தைப் பொற்காலமாக்கிப் பாடுவோரோடு நாம் சேரமாட்டோம். வறுமை காரணமாகத் திருட எதுவுமில்லாதிருந்ததை நற்பண்பென்று பெயரிடுதல் பொருந்தாது.

மேலும், அக்காலத்திற் பெரும்பாலும் வீடு முற்றாக வெறுமையாவதேயில்லை. ஆண் போனான், பெண் இருந்தாள். பண்டைத் தமிழிலக்கியத்தைக் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். ஓதுதற்பொருட்டும், போரின்பொருட்டும், தூதின்பொருட்டும், பொருளீட்டுதற்பொருட்டும் தலைவன் பிரிவதைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பாலைத்திணைப் பாடல்களில் அவன் கடக்கும் காட்டின் வெம்மையும் கள்வரின் கொடுமையும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவன் தன் வீட்டை என்ன செய்துவிட்டுப் போனான் என்ற பேச்சுக்கு அங்கே இடமேயில்லை. அவள் இருக்கின்றாள், சுவரிலே நாட்கோடு இழைத்துக்கொண்டிருக்கின்றாள். மனையிலிருந்தே மனைவி என்ற சொல் பிறந்தது. அச்சொல்லுக்கு நேரான ஆண்பாற்சொல் எதுவும் மனையிலிருந்து பிறந்து பெருவழக்குப் பெறவில்லை. எமது அகப்பாடல்களின் அழகில் மயங்கும் நாம், அவ்வழகின் அடித்தளத்தில் ஒரு பெண் பூட்டாகவும் திறப்பாகவும் வைக்கப்பட்டிருப்பதை மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கத் தயங்குதல் ஆகாது.

இதற்கு மாறானதொரு மரபை மூதூர் முஸ்லிம் மக்களின் ஹஜ் யாத்திரையிற் காண்கின்றோம். ஹஜ்ஜுக்குச் செல்பவர் பட்ட கடன்களைத் தீர்க்க வேண்டும். பிறர் ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாம் மீளும்வரை வீட்டிலிருப்போர்க்கு வேண்டிய உணவுக்கும் செலவுக்கும் வழிசெய்தல் வேண்டும். வஸிய்யத் எனும் இறுதி விருப்பத்தை எழுதிவைத்தலும், உற்றாரையும் அயலாரையும் நாடிச்சென்று மன்னிப்புக் கேட்டலும் நெடுங்கால வழக்கம். கப்பற் பயணக் காலத்தில் இவை வெறுஞ் சடங்காக இருந்திருக்க முடியாது. சென்றவர் பலர் நோயாலும் கடலாலும் மீளவில்லை. வீட்டுக் கூரையினும் வீட்டுக் கணக்கை நேர்செய்தலே இங்கு முதன்மை பெறுகின்றது. திரும்புவேனென்று நிச்சயங் கொள்ளாதவனே எல்லாவற்றையும் ஒழுங்குசெய்துவிட்டுப் போகின்றான். பின்னர் நாம் காணவிருப்பதற்கு இது நேரெதிர்.

மூதூரின் பெயரை உலகம் அறியச்செய்த நிகழ்ச்சியும் திரும்புதல் பற்றியதே. 1659 இறுதியிற் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் அதன் தலைவர் றொபேட் நொக்ஸும், அதே பெயருடைய அவர் மகனும், வேறு சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். மூதூரில் ஒரு புளியமரத்தடியே அந்த இடமென வழங்கப்பட்டு, வெள்ளைக்காரன் மரம் எனப் பெயரும் பெற்றது. தந்தை அடுத்த ஆண்டே இறந்தார். மகன் பத்தொன்பதரை ஆண்டுகள் மலைநாட்டிலே கைதியாக, ஆயினும் கட்டின்றி, வீடுகட்டி, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்தார். 1679 செப்டெம்பர் 22 ஆந் திகதி, ஏலதெத்த என்னும் ஊரிலிருந்த தம் வீட்டை விட்டு ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டார். இதற்கு முன்னரும் பலமுறை இருவரும் சில்லறைப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்காக வடக்கே போய்வந்திருந்தமையால் எவரும் ஐயுறவில்லை. அடுத்த மாதம் மேற்குக் கரையில் அரிப்பு என்ற ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஓடிப்போகிறவன் செய்யக்கூடிய ஒரே ஆயத்தம், எதையும் ஆயத்தஞ் செய்யாதவன்போல வீட்டை விட்டுச்செல்லுதலே. விடுதலை பெற்றபின் அவர் தாம் வளர்த்த லூசியா என்னும் சிறுமிக்கு அவ்வீட்டையும் நிலத்தையும் உரித்தாக்கிக் கடிதம் எழுதினார். கைதியாயிருந்த ஒருவருக்குக்கூடத் தாம் விட்டுவந்த வீடு யாருக்கு உரியது என்று தீர்மானிக்க முடிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தின் பின்னர், அதே குடாவின் கரையிற் பிறந்து வளர்ந்த குடிமக்களுக்கு அவ்வுரிமை நெடுங்காலம் கிட்டவில்லை.

அதற்குச் செல்லுமுன் இன்னொரு பயணத்தைச் சொல்லவேண்டும். 1970களின் பிற்பகுதி தொடக்கம் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாக எமது பெண்கள் செல்லலாயினர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. பாலைத்திணை தலைகீழாயிற்று: பொருள்வயிற் பிரிபவள் தலைவியானாள், சுவரில் நாட்கோடு இழைப்பவர்கள் பிள்ளைகளும் கிழவியுமாயினர். இவர்கள் வீட்டை ஒழுங்குசெய்துவிட்டுப் போவதில்லை, வீடு கட்டுவதற்காகவே போகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. தன் வீட்டின் சுவருக்காகப் பிறர் வீட்டின் தரையைத் துடைக்கச் செல்லும் இப்பயணத்தை அரசு அந்நியச் செலாவணிக் கணக்கிலே வரவு வைக்கின்றது. மூதூரின் வறிய குடும்பமொன்றிற் பிறந்த றிஸானா நபீக் 2005 இற் சவூதி அரேபியா சென்றபோது, பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின்படி அவளுக்குப் பதினேழு வயது. கடவுச்சீட்டோ அவள் 1982 இற் பிறந்தவள் என்றது. சென்ற சில வாரங்களில், அவள் பராமரிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்ததற்காகக் கைதானாள். 2013 சனவரி 9 ஆந் திகதி அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. உலகெங்குமிருந்து எழுந்த மன்றாட்டங்கள் பயன்படவில்லை. ஒரு சிறுமியின் வயதைக் கடதாசியில் ஆறு ஆண்டு கூட்டிய கைகள் எவை என்ற வினாவை அந்தத் தூக்கமான நாளோடு நாம் மறந்துவிடலாகாது.

இனி 2006. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையின்படி மூதூர் நகர் அரசின் கட்டுப்பாட்டிலும், சம்பூரை உள்ளிட்ட மூதூர்க் கிழக்கு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 2006 ஏப்ரில் 25 ஆந் திகதி கொழும்பிலே இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நிகழ்ந்தது. அன்றே மூதூர்க் கிழக்கின்மீது வான்வழியும் பீரங்கி வழியும் தாக்குதல் தொடங்கிற்று. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா முதலிய ஊர்களின் மக்கள் எழுந்து ஓடினர். யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டு, நீரின் பெயரால் யுத்தம் முழுமையடைந்தது. ஓகஸ்ட் முதல் நாட்களிற் புலிகள் மூதூர் நகருக்குள் நுழைந்தனர். இருதரப்பு எறிகணைகளும் நகரில் வீழ்ந்தன. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்திருந்த முஸ்லிம் மக்கள் ஓகஸ்ட் 4 ஆந் திகதி கூட்டங்கூட்டமாகக் கந்தளாயை நோக்கி நடந்தனர். அதே நாள், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் மூதூர் அலுவலக வளவிலே அதன் ஊழியர் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். கடல்கோளினாலும் போரினாலும் வீடிழந்தவர்க்கு உதவுவதைத் தொழிலாகக் கொண்டு, திருகோணமலையில் தத்தம் வீடுகளில் விடைபெற்று, குடாவைக் கடந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அக்கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. செப்டெம்பர் 4 ஆந் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று.

இந்த ஓட்டங்களில் வீடு எவ்வாறு விடப்பட்டது? இடம்பெயர்ந்தோர் வாயிலாகக் கேட்டறிந்தவற்றுள் சில செய்திகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அடுப்பிற் சோறு வெந்துகொண்டிருந்தது. கட்டிநின்ற கன்றை அவிழ்த்துவிட்டனர். ஆட்டுப் பட்டியின் தட்டியைத் திறந்துவிட்டனர். கிளிக்கூட்டைத் திறந்துவிட்டவர்களும் உளர். கதவைச் சிலர் பூட்டினர். சிலர், பூட்டினால் உடைத்துக்கொண்டு வருவர், திறந்திருந்தாற் பார்த்துவிட்டுப் போய்விடுவர் என்றெண்ணித் திறந்தே விட்டனர். கையில் எடுத்தது ஒரு பை: காணி உறுதி அல்லது பெர்மிட், அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், வங்கிப் புத்தகம். பல ஆண்டுப் போர் இந்தப் பையை எப்போதும் கதவருகே ஆயத்தமாய்த் தொங்கவைக்க அவர்களைப் பழக்கியிருந்தது. மாற்றுடை ஒன்றோ இரண்டோ. இரண்டு நாளில் வந்துவிடலாமென்றே எண்ணினர். மூதூர் நகர மக்கள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் மீண்டனர். உடைந்த கூரைகளையும் சூறையாடப்பட்ட அறைகளையும் கண்டனர். சம்பூர் மக்களின் இரண்டு நாள், ஒன்பது பத்து ஆண்டுகளாயிற்று.

முன்னர் குறிப்பிட்ட அந்த ஆணிகளை இங்கே நினைவுகூர்வோம். ஏப்ரிலில் ஓடியவர் தமிழர். ஓகஸ்டில் ஓடியவர் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒருவர் திறப்பை மற்றவர் காத்த ஊரிலே இருவருக்கும் காக்க வீடில்லாது போயிற்று. அதன்பின் யார் வீட்டுப் பொருளை யார் எடுத்தார் என்ற பேச்சு இருபக்கத்திலும் எழுந்து, துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னும் நெடுநாள் ஓயாதிருந்தது. இதே நாட்டில் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தம் வீடுகளை விட்டு வெளியேறப் புலிகள் கொடுத்தது இரண்டு மணிநேரம். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி அதே யாழ்ப்பாணத்திலிருந்து தமிழர் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினர். மலையகத்துத் தொழிலாளர் கதை வேறு வகையினது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் விட்டுச்சென்ற லயன் அறை, தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்ததாயினும், தோட்டத்துக்கே சொந்தம். பூட்டிவிட்டுப் போவதற்கு அவர்களுக்கு ஒரு கதவு இருக்கவில்லை.

வெறுமையான வீட்டைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதே இவ்வரலாற்றில் நுணுகி ஆராயவேண்டிய பகுதி. 1948 இற் பலஸ்தீனத்தை விட்டு ஓடிய அரபு மக்கள் தம் வீடுகளின் திறப்புகளைக் கையோடு கொண்டுசென்றனர். இன்றும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அவற்றைப் பேணுகின்றனர். 1950 இல் இஸ்ரேல் இயற்றிய 'வராதோர் சொத்து'ச் சட்டமோ, வீட்டில் இல்லாதிருந்ததையே உரிமையிழப்புக்குக் காரணமாக்கிற்று. அதே 1950 இல் இந்தியாவும், பாகிஸ்தானுக்குச் சென்றோர் விட்டுச்சென்ற சொத்துக்களை நிர்வகிக்கவென ஒரு சட்டமியற்றியது; எல்லைக்கு அப்பாலும் அத்தகைய சட்டமே. லாகூரிலும் டில்லியிலும் கலவரம் அடங்கியதும் வந்துவிடுவோமென்று அயலவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் வீடுகள் இவ்வாறு கைமாறின. இலங்கையில் இதற்குத் தனிச்சட்டம் தேவைப்படவில்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியொன்றை உரியவருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். காணிச் சொந்தக்காரன் தூங்கலாகாது என்பது அச்சட்டத்தின் தத்துவம். துப்பாக்கியால் துரத்தப்பட்டவனும் தூங்குபவனும் அதன் கண்ணுக்கு ஒருவனே. உறுதியே இல்லாது பெர்மிட்டில் வாழ்பவர் நிலை இன்னும் மோசம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் பெர்மிட், பெற்றவர் அந்நிலத்தில் வாழ்ந்து பயிரிடவேண்டும் என்ற நிபந்தனையோடு வருவது. முகாமிலிருந்து எவ்வாறு பயிரிடுவது?

சம்பூர் மக்களுக்கு எதிரே நின்றது தனியாரன்று, அரசே. 2007 மே மாதத்தில் அவர்களுடைய ஊர்கள் அதியுயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் தகரக் கூரையின்கீழ் அவர்கள் வாழ்ந்திருக்க, விட்டுவந்த நிலத்திலே கடற்படை முகாம் எழுந்தது. இந்தியக் கூட்டுடன் 500 மெகாவாற் அனல் மின்னிலையத்துக்கு ஒரு பகுதியும், கைத்தொழில் வலயத்துக்கு 818 ஏக்கரும் ஒதுக்கப்பட்டன. மக்களின் பாதுகாப்பின் பெயரால் எடுக்கப்பட்ட நிலம் மூலதனத்தின் பெயருக்கு மாறிய விரைவு கருதற்பாலது. வலயத்துக்கென வழங்கப்பட்ட 818 ஏக்கரும் 2015 ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தின் பின்னர், வழக்குகளையும் மறியல்களையும் கடந்து, மக்களுக்கு மீண்டன. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. நிலக்கரி மின்னிலையத் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. போரினால் தம் காணியை அணுகமுடியாதிருந்தோர்க்கெதிராகப் பத்தாண்டு ஆட்சியுரிமை செல்லாதெனப் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அது கணக்கில் எடுக்கின்றது. வழக்கிட அச்சட்டம் கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். காரியாலயப் படியேறிப் பழக்கமில்லாத ஏழைக்கு இரண்டு ஆண்டு எவ்வளவு குறுகியது என்பதை விதவைகளைக் கேட்டால் அறியலாம்.

மீண்டவர்கள் தம் வீடுகளைக் காணவில்லை. சுவர்கள் இடிக்கப்பட்டுத் தரை மட்டமாகியிருந்தது, தென்னைகள் இல்லை, வேலிகள் மறைந்து பற்றை மூடிக் கிடந்தது. கிணற்றைக் கொண்டும், கோயிலிலிருந்து எட்டுவைத்து எண்ணியும், தப்பிநின்ற ஒரு வேம்பைக் கொண்டும் ஒவ்வொருவரும் தத்தம் வளவை மதித்தனர். பையில் இருந்த உறுதி அங்கே பயன்பட்டது. முதலிற் செய்தது வீடு கட்டுதலன்று, கதியால் நட்டு எல்லை கட்டுதல், அடுத்தது கிணற்றை இறைத்தல், பின்னரே கொட்டில். கடற்படை விட்டகன்ற காணிக்குள் சம்பூர் மகா வித்தியாலயமும் இருந்தது. வேறிடங்களில் நடந்துவந்த வகுப்புகள் அங்கே திரும்பின. முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளுள் எவரும் அந்த ஊரை அதற்குமுன் கண்டவரல்லர். அவர்கள் முகாமிற் பிறந்தவர்கள்.